உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டி வரும் பிள்ளை, கடல் தாண்டிப் போகும் பிள்ளை

கலசப்பாக்கம், போளூர், ஆரணி என்று பட்டுத்தறி ஓடும் தெருக்களில் ஒரு தம்பதிக்குப் பிள்ளை இல்லை என்றால் தெருவே யோசனை சொல்லும். எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது, எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. பேச்சு தத்து என்று திரும்பியதும்தான் ஆளுக்கொரு சட்டம் கிளம்பும். "வெளிநாட்டுக் குழந்தைன்னா சீக்கிரம் கிடைக்குமாமே?" என்பார் ஒருவர். "சிங்கப்பூர்ல இருக்கிற என் தம்பிக்கு நம்ம பிள்ளையையே கொடுத்துட்டா என்ன?" என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறது.

◆ இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கலாம். சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் வேலை தொடங்குவது இங்கே இல்லை, குழந்தை இருக்கும் நாட்டில். அந்த நாட்டின் சட்டப்படி, அந்த நாட்டின் அதிகாரிகள் முன்னால் தத்து முடிய வேண்டும். நம்மைப் பற்றிய குடும்ப ஆய்வறிக்கை, குழந்தையைப் பற்றிய அறிக்கை, குழந்தையின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றும் மத்திய தத்துவள ஆணையத்துக்கு (எல்லோரும் 'காரா' என்று சொல்வது இதைத்தான்) வரும். நாடுகளுக்கிடையிலான தத்தை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் அந்த உடன்படிக்கையின் 5, 17-ஆம் பிரிவுகளின்படி காரா ஒப்புதல் தரும். குழந்தையின் கையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருப்பதால் அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் விசா கேட்க வேண்டும். தத்து முறைப்படி நடந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தூதரகம் விசா தரும். உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டினர் பிரிவும் அனுமதி கொடுக்க வேண்டும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் குழந்தை விமான நிலையத்தில் நின்றுவிடும்.

◆ 'வெளிநாட்டில் சீக்கிரம் கிடைக்கும்' என்பது பழைய கதை. 1992 முதல் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்த சீனா, 2024 செப்டம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டது. இரத்த உறவு, மாற்றாந்தாய்-தந்தை வகைகளுக்கு மட்டும் விலக்கு. நெதர்லாந்து தன் குடிமக்கள் வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பதை இனி புதிதாகத் தொடங்க முடியாது என்று 2024 மே மாதம் முடிவெடுத்தது. கொரியப் போருக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகளை வெளியே அனுப்பிய தென்கொரியாவில், உண்மை கண்டறியும் ஆணையம் 2025 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது: பிறப்பு விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, பெற்றோர் உள்ள பிள்ளைகள் அநாதைகள் என்று பதியப்பட்டிருக்கிறார்கள், அரசு கண்காணிக்கத் தவறியிருக்கிறது. உலகம் முழுக்க இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதற்கு இத்தகைய முறைகேடுகளும் ஒரு காரணம்.

◆ வயதுக் கணக்கு தெரியுமா? தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2022 செப்டம்பரில் வந்த தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90. நான்கிலிருந்து எட்டுக்கு 100. எட்டிலிருந்து பதினெட்டுக்கு 110. தனியாகத் தத்தெடுப்பவருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. கணவருக்கு 46, மனைவிக்கு 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 88. கைக்குழந்தை கிடையாது, மூன்று வயதுக் குழந்தை உண்டு. இந்தக் கணக்கு பதிவு செய்த நாளை வைத்துத்தான். அதனால்தான் 'இன்னும் ஒரு வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டு வரலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்களிடம், வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும், பதிவை இன்றே செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

◆ பெற்றோரில் எவருக்கும் குழந்தைக்கும் இடையே குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். மணமாகி இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சம்மதிக்க வேண்டும். மாமியாரின் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை.

◆ தனியாக வாழும் பெண், ஆண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. மணமாகாதவர், கைம்பெண், மணவிலக்கு பெற்றவர் என்ற பேதம் இல்லை. தனக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

◆ ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் வழி இருக்கிறது. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள், இடம் அமையாமலே நெடுநாள் காத்திருக்கும் குழந்தைகள் ஆகியோரை அவர்கள் தத்தெடுக்கலாம். உறவுக்குள் நடக்கும் தத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

◆ நெசவாளிக்குச் சம்பளச் சீட்டு ஏது? பலரும் இந்த இடத்தில்தான் பின்வாங்கிவிடுகிறார்கள். அவசியமே இல்லை. சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அரசுத் துறை கொடுக்கும் வருமானச் சான்று ஆகிய மூன்றில் ஒன்று போதும். தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வருமானச் சான்றே இதற்குப் பயன்படும். அதோடு பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, திருமணச் சான்று, நாள்பட்ட நோயோ தொற்றுநோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்று மருத்துவர் தரும் சான்று, தெரிந்தவர்கள் அல்லது உறவினர்கள் இருவர் தரும் கடிதம். சொந்த வீடு வேண்டும், நிலம் வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதவில்லை.

அடுத்து வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் வருவார். ஆவணங்களைப் பதிவேற்றியதிலிருந்து 60 நாளுக்குள் இந்தக் குடும்ப ஆய்வு முடிய வேண்டும். குழித்தறி போட்ட வீடு என்றால், கூடத்தின் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். தவழும் குழந்தை அந்தக் குழிப் பக்கம் போகாமல் எப்படித் தடுப்பீர்கள் என்று அவர் கேட்கலாம். கேட்க வேண்டும். கணவரும் மனைவியும் தறியில் உட்கார்ந்தால் பிள்ளை யாரிடம் இருக்கும்? கருப்பான குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் சாதி என்ன என்று ஊரார் குழந்தையிடம் கேட்டால்? சொந்தப் பிள்ளை பிறகு பிறந்தால்? இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்த பதில் உதவாது. தறிக்குழியை மூட மரப்பலகை செய்து வைத்திருக்கிறோம், அம்மா கூடவே இருக்கிறார், முதல் ஆறு மாதம் ஒரு தறி மட்டும்தான் ஓடும் என்று ஒரு மனைவி சொன்னால், அந்த ஒரு பதிலிலேயே பணியாளருக்குப் பாதி அறிக்கை கிடைத்துவிடும். வசதியைவிட யோசித்திருக்கிறார்களா என்பதைத்தான் அவர் தேடுகிறார். அந்த அறிக்கை மூன்று ஆண்டு செல்லும்.

◆ வெளிநாட்டுத் தம்பதிக்கும் இதே ஆய்வு உண்டு. அவர்கள் நாட்டில் காரா அங்கீகரித்த தத்து முகமையோ அந்த நாட்டின் மத்திய அதிகார அமைப்போ அதைச் செய்யும். மிலானிலோ சிகாகோவிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதே போன்ற கேள்விகளைக் கேட்பார்கள்.

◆ திருவண்ணாமலையில் பிள்ளையில்லாத அரசனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்று இந்தப் பக்கத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். அந்த அரசன் வல்லாள மகாராஜா. வரலாற்றில் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு சில காலம் ஆண்டவன். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், பிள்ளை தகப்பனுக்குச் செய்ய வேண்டிய திதியைச் சுவாமி செய்கிறார். ரதசப்தமிக்குக் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அதே அண்ணாமலையார்தான். பெற்றால்தான் பிள்ளை என்று இந்த மாவட்டத்தில் யாராவது சொன்னால், அந்தத் திதியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

◆ தத்து செல்லுமா செல்லாதா என்று ஒரு சிம்மாசனமே பதினோரு ஆண்டு காத்திருந்ததும் தமிழ்நாட்டில்தான். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா 1787-இல் இறப்பதற்குச் சற்று முன் பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்தார். அந்தப் பையன் அவன் தகப்பனுக்கு ஒரே பிள்ளை, ஒரே பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியாது என்று பண்டிதர்கள் சொல்ல, துளஜாவின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். பாதிரியார் ஷ்வார்ட்ஸ் பையனின் பக்கம் நின்றார். வேறு பண்டிதர்களிடம் மீண்டும் கருத்துக் கேட்கப்பட்டது. 1798-இல்தான் சரபோஜி மன்னரானார். சரசுவதி மகால் நூலகத்தை இன்றைய அளவுக்கு வளர்த்தவர் அவர்.

◆ இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தத்துப் பத்திரம் எழுதுவது இதன்கீழ்தான். குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. மகன் இருக்கும் வீட்டில் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. கொடுக்கல் வாங்கலில் பணம் கைமாறினால் குற்றம். முறையாக நடந்த தத்தை யாரும் பிறகு ரத்து செய்ய முடியாது, தத்தெடுத்தவரும் முடியாது, பிள்ளையும் முடியாது. தத்துப் போகும் முன்பே பிள்ளையின் பெயருக்கு வந்துவிட்ட சொத்து பிள்ளையோடே போகும்.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரு காலத்தில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை பதினெட்டைத் தொட்டதும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகு எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம். ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

◆ இனி சிங்கப்பூர்த் தம்பிக்கு வருவோம். அக்கா தன் இரண்டாவது பிள்ளையைத் தம்பிக்குக் கொடுக்க நினைக்கிறார். தம்பி வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். போளூரில் பத்திரம் பதிந்துவிட்டால் குழந்தையோடு விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்து, பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு விசா கிடைக்காமல் அல்லாடும் குடும்பங்கள் உண்டு. உள்ளூரில் வளரும் பிள்ளைக்குப் பத்திரம் போதும். எல்லை தாண்டும் பிள்ளைக்கு அது போதாது.

உறவுக்குள் தத்து என்றால் சட்டம் 'உறவினர்' என்று யாரைச் சொல்கிறது என்று பாருங்கள்: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. இவ்வளவுதான் பட்டியல். அக்கா பிள்ளைக்குத் தம்பி தாய்மாமன் என்பதால் அவர் தகுதியுள்ளவர். ஒன்றுவிட்ட அண்ணன், பங்காளி முறை, 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி' எல்லாம் இதில் சேராது. தம்பி தான் வசிக்கும் நாட்டிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட முகமை அல்லது அந்த நாட்டு அரசுத் துறை வழியாகக் குடும்ப ஆய்வு செய்துகொண்டு காரா தளத்தில் பதிய வேண்டும். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அக்கா குடும்பத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் அறிக்கை தயாரிக்கும். வறுமையா, வற்புறுத்தலா, உண்மையான சம்மதமா என்று பார்ப்பார்கள். ஆணையை மாவட்ட ஆட்சியர் தருவார். அதன்பின் காராவின் தடையில்லாச் சான்று. சிங்கப்பூரும் மலேசியாவும் ஹேக் தத்து உடன்படிக்கையில் சேராத நாடுகள் என்பதால், குழந்தையை ஏற்கச் சம்மதம் என்று அந்தந்த நாட்டு அரசுத் துறையின் கடிதமும் தேவைப்படும்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தத்து முடித்துவிட்டுப் பிறகு வெளிநாடு போகிறவர்களுக்கும் 2021 முதல் தனி வழிமுறை இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் சரிபார்த்துச் சான்று தரும், அதன்மேல் காரா தடையில்லாச் சான்று தரும். இது வருவதற்கு முன்பு இந்தச் சான்றுக்காக உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் பலர்.

உரிய ஆணை இல்லாமல் ஒரு குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் அனுப்புவதும் தண்டனைக்குரிய குற்றம். தாய்மாமனாக இருந்தாலும் சரி.

◆ தத்து ஆணையில் இப்போது கையெழுத்திடுவது நீதிபதி இல்லை, மாவட்ட ஆட்சியர். 2021-இல் திருத்தப்பட்ட சிறார் நீதிச் சட்டம் 2022 செப்டம்பர் 1 முதல் இப்படி மாற்றியது. நீதிமன்றங்களில் கோப்புகள் தேங்குவதைக் காரணமாகச் சொன்னார்கள். ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

◆ ஒரு குழந்தை எப்போது வெளிநாட்டுக்குப் போகும்? 'தத்துக் கொடுக்கத் தடையில்லை' என்று குழந்தைகள் நலக்குழு அறிவித்த நாளிலிருந்து 60 நாள் உள்நாட்டிலும் வெளிநாடுவாழ் இந்தியரிடமும் வீடு தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால்தான் வெளிநாட்டவருக்கு. அதிலும் இந்திய வம்சாவளியினருக்கு முன்னுரிமை. மாற்றுத்திறன் குழந்தைகள், உடன்பிறந்தவர்கள், ஐந்து வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரை வெளிநாட்டுத் தத்துக்கு முன்னிறுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. காரணம் வெளிப்படை. நம் வீடுகளில் எல்லோரும் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட, குறையில்லாத குழந்தை. உதட்டுப் பிளவோடு பிறந்தவனும், செவித்திறன் குறைந்த ஏழு வயதுக்காரியும், பிரியமாட்டோம் என்று கைகோத்து நிற்கும் அண்ணன் தங்கையும் இங்கே வீடு கிடைக்காமல், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் பெற்றோரை அடைகிறார்கள். உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சை நம் அரசு மருத்துவமனைகளில் செய்யக்கூடியதுதான். இதை நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

◆ இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்கள் பதில் சொல்லும்.

டெல்லி: இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்து என்ற பெயரில் போய்ச் சீரழிவதாக வழக்கறிஞர் லக்ஷ்மி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என்.பகவதி வழங்கிய தீர்ப்பில்தான், முதலில் சொந்த நாட்டில் வீடு தேட வேண்டும், தத்தில் இலாபம் பார்க்கக் கூடாது, வெளிநாட்டுப் பெற்றோரை அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஆராய வேண்டும் என்பதெல்லாம் முதல்முறையாக விதியாயின. காரா 1990-இல் பிறந்தது இதன் தொடர்ச்சியாக. ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது.

சென்னை: புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை போன்ற ஏழைத் தெருக்களில் 1990-களின் கடைசியில் வாசலில் விளையாடிய குழந்தைகள் காணாமல் போனார்கள். 2005-இல் காவல்துறை ஒரு கடத்தல் கும்பலைப் பிடித்தபோது, அந்தக் குழந்தைகளில் சிலர் ஒரு தத்து நிறுவனத்தின் மூலம் பொய்ப் பெயர், பொய்க் கையெழுத்துகளோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிருந்தது தெரியவந்தது. அங்கே தத்தெடுத்தவர்களுக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் பார்த்த காகிதங்களில் எல்லாம் முத்திரை இருந்தது. ரிக்‌ஷா ஓட்டியும் வீட்டு வேலை செய்தும் பிழைத்த பெற்றோர் ஆண்டுக்கணக்கில் தேடியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட குழந்தை என்றால் படத்தோடு செய்தித்தாளில் விளம்பரம் போட வேண்டும், காணாமல் போன குழந்தைகளின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், நலக்குழு விசாரிக்க வேண்டும் என்று இன்று இருக்கும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படி ஒரு தாய் நிற்கிறாள்.

கொழும்பு: 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 11,000 குழந்தைகள் போனார்கள். குழந்தைகளை விற்பனைக்காகவே சேர்த்து வைத்த 'பண்ணைகள்' இருந்தன. பெற்ற தாய் என்று நடிக்கக் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். 1987-இல் இலங்கை வெளிநாட்டுத் தத்தைச் சில காலம் நிறுத்தியது. 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார். ஹேக் தத்து உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த மூன்று நாடுகளில் ஒன்று இலங்கை. மற்ற இரண்டும் மெக்சிகோவும் ருமேனியாவும். மூன்றுமே தங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பிய நாடுகள்.

◆ "ஆஸ்பத்திரியில ஒரு அம்மா இருக்காங்க, சொன்னா ஏற்பாடு பண்ணிடுவாங்க." இந்தப் பேச்சைக் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது ஞாபகம் இருக்கலாம். முறை மீறித் தத்துக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காசு கொடுத்துக் குழந்தை வாங்கினால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

சிறையைவிடப் பெரிய ஆபத்து குழந்தைக்கு. பிறப்புச் சான்றிதழ் பொய். என்றாவது ஒருநாள் விவரம் வெளியே வந்தால், அதிகாரிகள் முதலில் செய்வது பிள்ளையை உங்களிடமிருந்து எடுத்து விடுதியில் வைப்பது. மூன்று வயதில், நான்கு வயதில், 'அம்மா' என்று கூப்பிடத் தெரிந்த பிறகு. முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்கோ, ஆட்சியரின் ஆணைக்குப் பிறகு உங்கள் இருவர் பெயரையும் பெற்றோராகப் போட்டே பிறப்புச் சான்றிதழ் வரும். பள்ளியில், பாஸ்போர்ட்டில், சொத்தில் ஒரு கேள்வி எழாது.

◆ தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை சரிந்திருந்ததால் அதே ஆண்டு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு நம் திருவண்ணாமலைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நம் மாவட்டத்துக்கு அந்தத் தொட்டில் தேவைப்பட்டது என்பதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

வளர்க்க முடியாத நிலையில் உள்ள தாய் குழந்தைகள் நலக்குழு முன் முறைப்படி ஒப்படைக்கலாம். அவளைக் குற்றவாளியாக்க மாட்டார்கள், பெயரை வெளியிட மாட்டார்கள். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதமும் முடிந்த பிறகே குழந்தை தத்துக்குத் தயார் என்று அறிவிப்பார்கள். புதரிலும் பஸ் ஸ்டாண்டிலும் விட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்று, பிரசவ வார்டுக்குத் துணைக்குப் போகும் ஒவ்வொரு அத்தையும் பாட்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1098-க்கு அழைத்தால் ஆள் வருவார்கள்.

◆ 2024-25-இல் நாடு முழுவதும் காரா வழியாக 4,515 குழந்தைகளுக்கு வீடு கிடைத்தது. அதில் 4,155 உள்நாட்டிலேயே. காத்திருக்கும் பெற்றோரோ பல பத்தாயிரம் பேர். கைக்குழந்தை கேட்பவர்கள் மூன்று ஆண்டுக்கு மேலும் காத்திருக்க நேரிடுகிறது. வயது கூடிய குழந்தைக்கோ சிறப்புக் கவனிப்புக் குழந்தைக்கோ சம்மதித்தால் அழைப்பு வெகு சீக்கிரம் வரும்.

முறை வந்ததும் குழந்தையின் படம், உடல்நல அறிக்கை, வளர்ந்த சூழல் எல்லாம் இணையத்தில் காட்டப்படும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு நேரில் போய்ப் பார்க்கலாம், உங்களுக்கு நம்பிக்கையான மருத்துவரைக் கொண்டும் பரிசோதிக்கலாம். இப்படி மூன்று வாய்ப்பு வரை. மூன்றையும் வேண்டாமென்றால் ஓராண்டு பதிய முடியாது. தறி நாடா ஒரு கையில், போன் ஒரு கையில் என்று இருப்பவர்கள் பதிவில் கொடுத்த எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். குறுஞ்செய்தி வந்தது தெரியாமலே முறையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

◆ கட்டணம் எவ்வளவு என்பது விதிமுறையிலேயே அச்சாகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பவர் இங்குள்ள சிறப்புத் தத்து நிறுவனத்துக்குத் தருவது 5,000 டாலர். உள்நாட்டவருக்கு அதைவிட மிகக் குறைவு. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதற்குமேல் 'நன்கொடை' என்று யார் கேட்டாலும் சட்டவிரோதம். தரகர் என்று ஒருவர் இந்த நடைமுறையில் எந்த இடத்திலும் இல்லை.

◆ ஐந்து வயதோ அதற்கு மேலோ ஆன குழந்தையிடம் அதன் சம்மதத்தைக் கேட்க வேண்டும். 'இந்த அம்மா அப்பாவோடு போகிறாயா?' என்று. மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

◆ வெளிநாட்டுக்குப் போன பிள்ளையை அப்படியே மறந்துவிடுவதில்லை. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அங்குள்ள முகமை வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். உள்நாட்டிலும் இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெற்றோரே நேரில் வந்துதான் குழந்தையை அழைத்துப் போக வேண்டும். ஆள் அனுப்பி வாங்க முடியாது. ஹேக் நாடு என்றால், தத்து உடன்படிக்கைப்படிதான் நடந்தது என்று 23-ஆம் பிரிவின்கீழ் காரா ஒரு சான்றிதழ் தரும். அதை அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், அமெரிக்காவில் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்க வழிசெய்த சட்டமே 2000-இல்தான் வந்தது. அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று பதினெட்டு வயது நிரம்பியிருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. வளர்த்தவர்கள் ஒரு விண்ணப்பத்தைப் போட மறந்ததால், கைக்குழந்தையாகப் போனவர்கள் நடுவயதில் நாடற்றவர்களாய் நிற்கிறார்கள். மொழி தெரியாத பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

◆ பதிவு செய்ய ஏஜென்ட் வேண்டாம், நீங்களே காரா தளத்தில் பதியலாம். கணினி பழக்கமில்லை என்றால் திருவண்ணாமலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் உதவி கேளுங்கள். அது அவர்கள் வேலை.

◆ 1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டிலிருந்து டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து போனவர்கள் இப்போது நடுவயதில் இங்கே வருகிறார்கள். கையில் ஒரு பழைய கறுப்பு-வெள்ளைப் படம், மூடப்பட்ட ஏதோ ஒரு இல்லத்தின் பெயர், தட்டச்சில் பிழையாக அடித்த ஒரு தாயின் பெயர். பலருக்கு விடை கிடைப்பதில்லை, காரணம் காகிதம் இல்லை. இன்றைய விதிப்படி, தத்துப் போன பிள்ளை பதினெட்டு வயதானபின் தானே தன் பிறப்பு விவரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் பெற்றோரோடு சேர்ந்து. தத்து நிறுவனமும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் காராவும் உதவ வேண்டும். வேறு யாரும் இடையில் வந்து தேட அனுமதி இல்லை. பெற்றவள் ஒப்படைக்கும்போதே தன் பெயர் தெரிய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் அவளைக் கண்டுபிடித்து அவள் சம்மதத்தைக் கேட்பார்கள்.